மலேரியா மருந்து: செடி போதுமா, ஃபேக்டரி வேண்டுமா? நாலரை நிமிட ‘குழாய் ரியாக்டர்’ சொல்லும் பதில் என்ன?

பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டித் தரும் மரிக்கொழுந்து நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மரிக்கொழுந்துக்கு ஒரு சொந்தக்காரச் செடி இருக்கிறது. அதன் தாவரவியல் பெயர் ஆர்ட்டெமிசியா அன்னுவா. மரிக்கொழுந்தின் பெயர் ஆர்ட்டெமிசியா பாலன்ஸ். இரண்டும் ஒரே பேரினம். ஆனால் சொந்தக்காரச் செடிக்கு வேலை பூச்சரத்தில் இல்லை, மருந்துக் கடையில்.

உலகம் முழுக்க மலேரியாவுக்கு முதலில் கொடுக்கப்படும் மாத்திரைகளுக்கு மூலப்பொருள் இந்தச் செடியின் இலையிலிருந்துதான் வருகிறது. அதன் பெயர் ஆர்ட்டெமிசினின். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023-ல் மட்டும் 26.3 கோடி பேருக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்துபோனார்கள். இதில் 95 சதவீத மரணங்கள் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

இவ்வளவு பெரிய நோய்க்கான மருந்து ஒரே ஒரு செடியை நம்பி நிற்கிறது. மழை பொய்த்தால், விவசாயி வேறு பயிருக்கு மாறிவிட்டால், மருந்துக்குத் தட்டுப்பாடு. “அப்படினா ஃபேக்டரியிலேயே செய்துவிடலாமே?” என்ற கேள்வி ரொம்ப நாளாகவே இருக்கிறது. அதற்கு ஜெர்மனி விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிதான் ‘கன்டினியூவஸ் ஃப்ளோ ரியாக்டர்’. சுருக்கமாக, குழாய் ரியாக்டர். நாலரை நிமிடத்தில் ஒரு பக்கம் ஊற்றியது மறுபக்கம் மருந்தாக வரும்.

கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் நாலரை நிமிடத்தில் மருந்து வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தச் செடியில் அப்படி என்ன இருக்கிறது?

கதை 1967-ல் தொடங்குகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். குண்டுகளோடு மலேரியாவும் வீரர்களைக் கொன்றது. அதுவரை கைகொடுத்த குளோரோகுயின் மாத்திரைக்கு மலேரியா கிருமி அடங்க மறுத்தது. வட வியட்நாம் உதவி கேட்க, சீனா ரகசியமாக ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய நாள் மே 23. அதனால் பெயரே ‘திட்டம் 523’.

அந்தத் திட்டத்தில் இருந்த தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய சீன மருத்துவச் சுவடிகளைப் புரட்டினார். கி.பி. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்பவரின் குறிப்பில், காய்ச்சலுக்கு இந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. சூடு பட்டால் மருந்துச் சத்து கெட்டுவிடுமோ?

உடனே கொதிநிலை குறைவான ஈதரைக் கரைப்பானாக வைத்து இலையிலிருந்து சாறு எடுத்தார். 1971-ல் அது எலிகளிலும் குரங்குகளிலும் மலேரியா கிருமியை முழுசாக ஒழித்தது. மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தூ யூயூவும் சக ஆய்வாளர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். 2015-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்ட்டெமிசினின் மூலக்கூறுக்குள் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலம் மாதிரி நிற்கின்றன. மலேரியா கிருமி நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தின்று வாழ்வது. அப்போது வெளியாகும் இரும்புச்சத்து பட்டதும் அந்த ஆக்சிஜன் பாலம் உடைந்து கிருமியையே தாக்குகிறது. அதாவது, கிருமி எதைத் தின்கிறதோ அதுவே அதற்கு வினையாகிறது. இந்தப் பாலம்தான் மருந்தின் உயிர். செயற்கையாகச் செய்யும்போது விஞ்ஞானிகளைத் தண்ணி காட்டியதும் இதே பாலம்தான்.

செடியே இருக்கும்போது என்ன பிரச்சினை?

காய்ந்த இலையில் ஆர்ட்டெமிசினின் இருப்பது அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரைதான். ஒரு கிலோ ஆர்ட்டெமிசினின் வேண்டுமென்றால் 100 முதல் 200 கிலோ காய்ந்த இலை வேண்டும்.

அடுத்த சிக்கல் காலம். விதைக்க முடிவெடுப்பதிலிருந்து அறுவடை, காயவைத்தல், சாறு எடுத்தல், மாத்திரை என்று எல்லாம் முடிய ஒன்றரை வருடம் வரை ஆகிவிடும். இன்றைக்குத் தட்டுப்பாடு வந்தால் அதற்கான பதில் ஒன்றரை வருடம் கழித்துத்தான் கிடைக்கும். நம்ம ஊர் தக்காளி, சின்ன வெங்காயம் விலை போலத்தான் இதுவும். விலை ஏறியது என்று எல்லோரும் போடுவார்கள். எல்லோரும் போட்டதால் விலை விழும். விழுந்ததும் எல்லோரும் விட்டுவிடுவார்கள். திரும்பவும் தட்டுப்பாடு.

நடந்ததும் அதுதான். 2001-க்குப் பிறகு உலக சுகாதார அமைப்பு ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்துகளைப் பரிந்துரைத்ததும் தேவை எகிறியது. 2005 வாக்கில் கிலோ விலை 1,000 டாலரைத் தாண்டியது. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு பயிரிட்டார்கள். 2007-ல் விலை 200 டாலருக்கும் கீழே போய்விட்டது. நொந்துபோன விவசாயிகள் செடியைக் கைவிட்டார்கள். சில வருடங்களில் விலை மறுபடியும் பல மடங்கு ஏறியது.

தக்காளி கிடைக்காவிட்டால் குழம்பில் புளியைக் கூட்டிக்கொள்ளலாம். மலேரியா வந்த குழந்தைக்கு மாத்திரை கிடைக்காவிட்டால்?

ஈஸ்ட் போட்ட புதுப் பாதை

முதலில் வந்த பெரிய முயற்சி அமெரிக்காவில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜே கீஸ்லிங் குழு, செடியின் மரபணுக்களை எடுத்து ஈஸ்டுக்குள் வைத்தது. பிரெட், பீர் செய்யப் பயன்படும் அதே ஈஸ்ட்தான். 2004-ல் பில் கேட்ஸ் அறக்கட்டளை 4.26 கோடி டாலர் நிதி கொடுத்தது. 2013-ல் ஒரு லிட்டர் ஈஸ்ட் கரைசலில் 25 கிராம் வரை ஆர்ட்டெமிசினிக் அமிலம் எடுக்க முடிந்தது.

கவனிக்க: கிடைத்தது ஆர்ட்டெமிசினிக் அமிலம், ஆர்ட்டெமிசினின் அல்ல. அது மருந்துக்கு முந்தைய நிலை. அதில் ஹைட்ரஜன் சேர்த்தால் டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினிக் அமிலம் வரும். அதன் பிறகுதான் அந்த ஆக்சிஜன் பாலத்தைக் கட்ட வேண்டும். அதற்குச் சாதாரண ஆக்சிஜன் உதவாது. வெளிச்சத்தின் சக்தியை வாங்கி உசுப்பேறிய ஆக்சிஜன் வேண்டும். வேதியியலில் அதற்குப் பெயர் சிங்கிளெட் ஆக்சிஜன். செடிக்குள்ளும் கடைசிக் கட்டத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்வதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

செடிக்கு இது சுலபம். மெல்லிய இலை, மேலே வெயில். ஃபேக்டரிக்கு இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

அண்டாவில் வெளிச்சம் இறங்காது!

மருந்து ஃபேக்டரிகளில் காலம் காலமாக நடப்பது ‘பேட்ச்’ முறை. பெரிய தொட்டி. எல்லாவற்றையும் ஊற்றி, கலக்கி, சூடாக்கி, முடிந்ததும் இறக்கி, கழுவி, அடுத்த ஈடு. கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு வைக்கும்போது வரும் பக்குவம் நானூறு பேருக்கு வைக்கும்போது வராது. அடியில் பிடிக்கும், மேலே வேகாது. சமையல்காரர் அளவையும் நேரத்தையும் புதுசாகக் கணக்குப் போட வேண்டும். வேதியியலிலும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்து ஒரு லிட்டர் குடுவையில் நடந்தது ஐயாயிரம் லிட்டர் தொட்டியில் அப்படியே நடக்காது.

வெளிச்சம் வேண்டிய வினை என்றால் கஷ்டம் இரட்டிப்பு. வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்க ஒரு நிறமி சேர்க்க வேண்டும். அதனால் கரைசல் அடர்ந்த நிறமாகிவிடும். சில மில்லிமீட்டருக்குள் வெளிச்சம் மங்கிப்போகும். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் திரவம் மட்டும் வினைபுரியும். நடுவில் இருப்பது இருட்டில் கிடக்கும். விளக்கருகே கிடந்ததே கிடந்து அதிக வெளிச்சம் பட்டால் உண்டான பொருளும் கெடும்.

மூன்றாவது, பாதுகாப்பு. எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான், அதோடு ஆக்சிஜன், அதோடு பெராக்சைடு வகைப் பொருட்கள். மூன்றும் ஆயிரக்கணக்கான லிட்டர் ஒரே தொட்டியில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரசாயன ஆலையில் ரியாக்டர் வெடித்தது என்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

சரி, குழாய் ரியாக்டர் என்ன செய்கிறது?

உரலில் மாவு ஆட்டுவதற்கும் மாவு மில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான். உரலில் ஒவ்வோர் ஈடாகப் போட்டு அள்ள வேண்டும். மில்லில் மேலே கொட்டிக்கொண்டே இருந்தால் கீழே மாவு விழுந்துகொண்டே இருக்கும்.

தொட்டிக்குப் பதில் மெல்லிய, ஒளி ஊடுருவும் ஃப்ளோரோ பிளாஸ்டிக் குழாய். அதை ஒரு விளக்கைச் சுற்றி நூல்கண்டு போலச் சுற்றிவிடுகிறார்கள். பம்ப் ஒரு பக்கம் திரவத்தைத் தள்ளுகிறது, ஆக்சிஜனும் கூடவே நுழைகிறது. குழாய் மெல்லியது என்பதால் உள்ளே போகும் ஒவ்வொரு சொட்டுக்கும் வெளிச்சம் படுகிறது. எவ்வளவு நேரம் படவேண்டும் என்பதைக் குழாயின் நீளமும் பம்பின் வேகமும் தீர்மானிக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியையும் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு திரவத்துக்கு, தொட்டியைவிடக் குழாயில் ஆயிரம் மடங்கு அதிகப் பக்கச்சுவர் கிடைக்கும். வெளிச்சம் நுழைவதும் சூடு வெளியேறுவதும் அந்தச் சுவர் வழியாகத்தான். அதனால் வெப்பம் தேங்காது. அப்படியே ஏதாவது தப்பு நடந்தாலும் அந்த நேரத்தில் குழாய்க்குள் இருப்பது கொஞ்சம் திரவம்தான்.

உற்பத்தியைப் பெருக்குவதற்கும் பெரிய தொட்டி தேவையில்லை. அதே குழாயை இரவும் பகலும் ஓட்டலாம். போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம். ஒரு குழாயில் பக்குவம் சரியாக வந்துவிட்டால் நூறு குழாயிலும் அதே பக்குவம் வரும். கல்யாணக் கூட்டத்துக்கு அண்டாவைப் பெரிதாக்காமல் அடுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது போல.

2012: போட்ஸ்டாமில் நடந்தது என்ன?

ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் சீபெர்கர், ஃபிரான்சுவா லெவெக் இருவரும் 2012-ல் இதைச் செய்துகாட்டினார்கள். பாதரச விளக்கைச் சுற்றிய குழாயில் டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினிக் அமிலமும் ஆக்சிஜனும் நிறமியும் போயின. வெளிச்சம் பட்ட திரவத்தில் அடுத்து அமிலம் கலந்தது. கொஞ்சம் சூடு, மீண்டும் ஆக்சிஜன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை, எதையும் பிரித்தெடுக்கவில்லை. மொத்தம் நாலரை நிமிடம். வெளியே வந்தது ஆர்ட்டெமிசினின். விளைச்சல் சுமார் 40 சதவீதம்.

ஒரு சிறிய ரியாக்டரில் நாளொன்றுக்கு 800 கிராம் செய்யலாம், 400 ரியாக்டர் இருந்தால் உலகத் தேவையைச் சமாளிக்கலாம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். நாமும் போட்டுப் பார்ப்போம். 400 ரியாக்டர், தலா 800 கிராம் என்றால் நாளுக்கு 320 கிலோ. வருடத்துக்குச் சுமார் 117 டன்.

800 கிராம் என்றால் எத்தனை பேருக்கு? பரவலாகக் கொடுக்கப்படும் ஆர்ட்டிமீத்தர் - லூமிஃபேன்ட்ரின் மருந்தில் பெரியவர்களுக்கு மூன்று நாளில் 24 மாத்திரை. ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம் ஆர்ட்டிமீத்தர். ஆக, ஒருவருக்கு 480 மில்லிகிராம், அரை கிராம்கூட இல்லை. ஆர்ட்டெமிசினினை ஆர்ட்டிமீத்தராக மாற்றும்போது கொஞ்சம் வீணானாலும், சமையல் மேடையில் வைக்கும் அளவுள்ள ஒரு கருவியின் ஒரு நாள் உற்பத்தி ஏறக்குறைய ஆயிரம் நோயாளிகளுக்குப் போதும். குழந்தைகளுக்கு என்றால் இன்னும் அதிகம் பேருக்கு.

பிறகு அதே குழு பாதரச விளக்குக்குப் பதில் எல்இடி விளக்குக்கு மாறியது, விளைச்சலும் கூடியது. அடுத்து, ஆர்ட்டிமீத்தர், ஆர்ட்டிசுனேட் போன்ற மாத்திரைக்கு நேராகப் போகும் மருந்துகள் வரைக்கும் குழாயிலேயே செய்துகாட்டினார்கள்.

2018: நிறமியும் செடியிடமே இருக்கிறது!

மேக்டபர்க் நகர மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆந்த்ரியாஸ் சைடல்-மோர்கென்ஸ்டெர்ன் குழுவும் சீபெர்கர் குழுவும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது.

அதுவரை வெளிச்சத்தை வாங்க ஒரு செயற்கை நிறமியைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார்கள். கடைசியில் மருந்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வேலை வேறு. ஆனால் வெயிலை வாங்கும் நிறமி செடியின் இலையிலேயே இருக்கிறதே? பச்சையம்! இலையிலிருந்து எடுத்த கச்சா சாற்றை அப்படியே குழாய்க்குள் விட்டார்கள். சாற்றில் இருந்த பச்சையமே நிறமி வேலையைச் செய்தது. அதே சாற்றில் இருந்த டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினிக் அமிலம் மருந்தாக மாறியது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இலையில் ஆர்ட்டெமிசினின் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய நிலை அமிலங்களும் இருக்கின்றன. வழக்கமாகச் சாறு எடுக்கும் ஆலைகள் ஆர்ட்டெமிசினினைப் பிரித்த பிறகு மிச்சத்தைக் கழிவாக ஒதுக்கிவிடும். குழாய் ரியாக்டர் அந்தக் கழிவிலிருந்தும் மருந்தை எடுக்கிறது. அதே வயல், அதே இலை, கூடுதல் மருந்து.

செடிக்குப் போட்டியாகப் பார்க்கப்பட்ட தொழில்நுட்பம், கடைசியில் செடிக்கே கூட்டாளியாக வந்து நின்றது.

அப்புறம் ஏன் விலைப் பிரச்சினை தீரவில்லை?

இதற்குப் பதில் இத்தாலியில் இருக்கிறது. ஈஸ்ட் வழியில் மருந்து செய்ய, பிரான்ஸ் நிறுவனமான சனோஃபி இத்தாலியின் கரேசியோ நகரில் பெரிய ஆலையைத் தயார்படுத்தியது. அது குழாய் முறை அல்ல, தொட்டி முறை. ஆனாலும் வெளிச்ச வினையைப் பெரிய அளவில் வெற்றிகரமாகச் செய்தார்கள். 2013-ல் உலக சுகாதார அமைப்பு அந்த மருந்தை ஏற்றுக்கொண்டது. வருடத்துக்கு 60 டன் வரை செய்யும் திறன் இருந்தது.

ஆனால் 2015-ல் அந்த ஆலையில் உற்பத்தி செய்த செயற்கை ஆர்ட்டெமிசினின் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்.

காரணம் வேதியியல் இல்லை, விலை. ஆலை, லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் விற்க நினைத்த விலை கிலோவுக்கு 350 முதல் 400 டாலர். அந்த நேரத்தில் செடியிலிருந்து எடுத்த ஆர்ட்டெமிசினின் 250 டாலருக்கும் கீழே விழுந்திருந்தது. மாத்திரைக் கம்பெனிகள் எதை வாங்கும்? கடைசியில் ஆலையே கைமாறியது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘செயற்கை மருந்து வருகிறது’ என்ற செய்தியைக் கேட்டே விவசாயிகள் பயந்து செடியை விட்டுவிடலாம். அப்படி விட்டுவிட்டு, ஆலையும் மூடிவிட்டால்? இரண்டும் கெட்டான் நிலைமைதான். செடியில் மருந்து எடுப்பதும் ஆலையில் செய்வதும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்தால் நஷ்டப்படுவது நோயாளி.

குழாய் ரியாக்டருக்கு மட்டும் வேறு கதி வருமா?

இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

*சாதகம் என்ன?*

* பெரிய முதலீடு தேவையில்லை. 60 டன் ஆலையைக் கட்டிவிட்டு ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டாம். பத்து ரியாக்டரோடு தொடங்கலாம். தேவை கூடினால் கூட்டலாம்.
* தட்டுப்பாடு வந்தால் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டாம். மூலப்பொருள் கையிருப்பில் இருந்தால் சுவிட்ச் போட்டுத் தொடங்கலாம்.
* சாறு எடுக்கும் ஆலைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். கழிவு காசாகும். ஒரு கிலோ இலைக்குக் கிடைக்கும் மருந்து கூடினால், விலை விழும் வருடத்திலும் விவசாயிக்குக் கொஞ்சமாவது மிஞ்ச வழி இருக்கிறது.

*பாதகம் என்ன?*

* மூலப்பொருளை ரியாக்டர் உருவாக்காது. ஒன்று செடி வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்ட் வேண்டும். வயல் காய்ந்தால் குழாயும் காயும்.
* மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். கச்சா சாற்றில் மெழுகு, பிசுக்கு எல்லாம் இருக்கும். வடிகட்டாமல் விட முடியாது.
* விட்டு விட்டு வரும் மின்சாரம், அடிக்கடி நிற்கும் பம்ப் இருந்தால் இது சரிப்பட்டு வராது. தொடர்ந்து ஓடுவதுதான் இதன் பலமே.
* தரக் கட்டுப்பாட்டை முழுசாக மாற்ற வேண்டும். தொட்டியில் ஒவ்வோர் ஈட்டையும் தனியாகப் பரிசோதித்து ‘பாஸ்’ போடலாம். ஓடிக்கொண்டே இருக்கும் குழாயில் எந்த நிமிடத்தில் வந்தது நல்ல மருந்து, எது கெட்டது என்று எப்படிப் பிரிப்பது? ஓட்டத்தின் நடுவிலேயே அளக்கும் கருவிகளும் தெளிவான விதிகளும் வேண்டும். இதற்கான சர்வதேச வழிகாட்டு விதி, ‘ஐசிஹெச் கியூ13’, இறுதியானதே 2022 நவம்பரில்தான்.

ஆக, நாலரை நிமிடம் என்பது உண்மை. ஆனால் அது ஒன்றரை வருட சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும்தான். குழாய் ரியாக்டர் தீர்த்தது வேதியியல் பிரச்சினையை. விவசாயிக்கு நிலையான விலை, ஆலைக்கு நிலையான ஆர்டர் என்ற சந்தைப் பிரச்சினையை எந்தக் குழாயும் தீர்க்க முடியாது. அதற்கு வாங்குபவர்கள்தான் மனசு வைக்க வேண்டும். அதாவது, மலேரியா மருந்துக்கு நிதி தரும் உலக அமைப்புகளும் அரசுகளும் பல வருடத்துக்கான கொள்முதலை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்.

இந்தியாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமான சிமேப், இந்தச் செடியில் ‘ஜீவன்ரக்ஷா’, ‘சிம் ஆரோக்யா’ போன்ற ரகங்களை உருவாக்கி வட மாநில விவசாயிகளிடம் ஒப்பந்தச் சாகுபடிக்குக் கொண்டுபோனது. இந்திய மருந்து நிறுவனங்கள் ஆப்பிரிக்காவுக்கு மலேரியா கூட்டு மருந்துகளை ஏற்றுமதி செய்கின்றன. நம் நாட்டிலேயே வடகிழக்கு மாநிலங்களில் ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு ஆர்ட்டிமீத்தர் - லூமிஃபேன்ட்ரினும், மற்ற மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்தும் தரப்படுகின்றன. ஃப்ளோ ரியாக்டர் வடிவமைப்பில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு நல்ல அனுபவம் உண்டு.

அதாவது வயல், ஆய்வகம், மாத்திரை ஆலை மூன்றும் இங்கேயே இருக்கின்றன. மூன்றையும் ஒரே கோட்டில் இணைப்பதுதான் மிச்சம்.

அந்த இலையில் டீ போட்டுக் குடிக்கலாமா?

கூடவே கூடாது. இலையை டீயாகவோ பொடியாகவோ எடுப்பதை உலக சுகாதார அமைப்பு ஆதரிக்கவில்லை. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். குறைந்த அளவு மருந்து உள்ளே போனால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மரிக்கொழுந்து சொந்தக்காரச் செடிதானே என்று அதைக் கொதிக்க வைத்துக் குடிப்பதிலும் பயனில்லை. காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை, பிறகு டாக்டர் சொல்லும் மருந்து. அவ்வளவுதான்.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, கிருமி மாறிக்கொண்டிருக்கிறது. முதலில் கம்போடியாப் பக்கம் தெரிந்த ஆர்ட்டெமிசினின் எதிர்ப்பு, இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் பகுதியளவில் உறுதியாகியிருக்கிறது. மருந்து இன்னும் வேலை செய்கிறது, ஆனால் கிருமி அழிய முன்பைவிட நேரம் எடுக்கிறது. தட்டுப்பாட்டால் நோயாளி பாதி மாத்திரையோடு நிறுத்தினாலோ போலி மாத்திரை வாங்கினாலோ இந்த எதிர்ப்பு வளரும். ஆர்ட்டெமிசினின் இல்லாத புது மருந்துகள் பரிசோதனையில் இருக்கின்றன. அவை பரவலாக வரும் வரை இதைக் காப்பாற்றியாக வேண்டும்.

இரண்டு, பணம். 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவி நிதியை வெட்டியது. மலேரியா திட்டங்களும் அதில் அடிபட்டன. கையிலுள்ள பணம் குறையும்போது ஒரு கிலோவுக்கு நூறு டாலர் வித்தியாசம் என்பதும் பெரிய வித்தியாசம்.

மூன்று, புதிய தேவை. ஐந்து கிலோவுக்கும் குறைவான எடையுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தயாரித்த முதல் மலேரியா மருந்துக்கு 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்து ஒப்புதல் அளித்தது. இத்தனை நாள் பெரிய குழந்தைகளின் மாத்திரையைத்தான் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புது மருந்திலும் இருப்பது அதே ஆர்ட்டிமீத்தர். அதற்கும் மூலம் அதே இலை.

செடியா, ஃபேக்டரியா என்ற கேள்விக்கு இருபது வருட அனுபவம் சொல்லும் பதில்: இரண்டும் வேண்டும், ஒன்றுக்கொன்று எதிரியாக இல்லாமல். வயலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் ரியாக்டர், விதைக்கும்போதே விவசாயிக்கு உறுதியான விலை. இந்த இரண்டில் முதலாவது சாத்தியம் என்று 2012-லேயே நிரூபித்துவிட்டார்கள். இரண்டாவதுக்கு விஞ்ஞானி தேவையில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் போட்டால் போதும்.